பங்க்கில் ஃபில்டர் பேப்பர் கேட்கலாம்

பெட்ரோலில் கலப்படம் இருந்தால் மூக்கே சொல்லிவிடும் என்று நம்புகிறவர்கள் என்னைச் சுற்றி நிறையப் பேர். டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள், விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார்கள், நிறம் வெளிறியிருக்கிறது என்பார்கள். ஒரு காலத்தில் இதில் கொஞ்சம் உண்மை இருந்தது. ரேஷன் கடைச் சீமெண்ணெய் நீல நிறத்தில் வரும். லிட்டர் 15 ரூபாய் அளவில் கிடைத்த அந்த எண்ணெயைப் பெட்ரோலிலோ டீசலிலோ ஊற்றினால் விலை வித்தியாசம் முழுவதும் லாபம். வாசனையிலும் புகையிலும் அது கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். அந்த நீல நிறத்தையும் கரியிலும் களிமண்ணிலும் வடிகட்டி எடுத்துவிடும் வித்தை அப்போதே இருந்தது என்பது வேறு விஷயம்.

இன்று நிலைமை மாறிவிட்டது. வீட்டுக்கு வீடு கேஸ் வந்துவிட்டது, ரேஷன் சீமெண்ணெய் ஒதுக்கீடு வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கலப்பவர்கள் இப்போது தேடுவது நாப்தா, பெயின்ட் தொழிலுக்குப் போகும் கரைப்பான்கள், ‘பயோ டீசல்’ என்ற பெயரில் சுற்றும் தொழிற்சாலை எண்ணெய்கள் போன்றவற்றை. பெட்ரோல், டீசல் மீது மத்திய அரசின் வரியும் மாநில அரசின் வரியும் சேர்ந்து ஏறியிருக்கின்றன. அந்த அளவுக்கு வரி இல்லாத எந்த எண்ணெயைக் கலந்தாலும் லாபம்தான். நாப்தாவும் பெட்ரோலும் ஒரே குடும்பத்துப் பொருள்கள். அதை எந்த மூக்கும் கண்டுபிடிக்காது.

அதனால்தான், பங்க்கில் நமக்குச் சட்டப்படி கிடைக்கவேண்டிய சோதனைகளைக் கேட்டு வாங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மூன்று சோதனைகள், மூன்றுமே இலவசம்: ஃபில்டர் பேப்பர், டென்சிட்டி (அடர்த்தி), 5 லிட்டர் அளவு. எந்த நிறுவனத்தின் பங்க்காக இருந்தாலும் வாடிக்கையாளர் கேட்டால் செய்து காட்டவேண்டும். அதற்கான பொருள்கள் அங்கே இருக்கவேண்டும்.

மதுரையில் நான் வழக்கமாகப் போடும் பங்க்கில் முதல்முறை கேட்டபோது பம்ப்பில் நின்ற பையன் கொஞ்சம் திகைத்தான். “சார், அதெல்லாம் மேனேஜர்தான் செய்யணும்” என்றான். மேனேஜர் வந்தார். முகம் சுளிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பேப்பர் உறையை எடுத்துவந்து, “இதையெல்லாம் யாரும் கேக்கறதே இல்லை சார்” என்றார். அவர் சொன்னது புகார் மாதிரி இல்லை, வருத்தம் மாதிரி இருந்தது. ஒழுங்காக நடத்துகிறவருக்கு யாராவது கேட்டுப் பார்ப்பது நல்லதுதானே.

ஃபில்டர் பேப்பர் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். முதலில் நாசிலின் வாயைச் சுத்தமான துணியால் துடைக்கவேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் அழுக்கே கறையாக விழுந்துவிடக் கூடாது. பிறகு பேப்பரில் ஒரு சொட்டு பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் இரண்டு நிமிடத்துக்குள் ஆவியாகிப் போய்விடும். லேசான இளஞ்சிவப்புச் சாயம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது பெட்ரோலில் சேர்க்கும் நிறத்தின் மிச்சம். எண்ணெய்ப் பிசுக்காகக் கறை நின்றால் சந்தேகப்படலாம். சீமெண்ணெய், டீசல் போன்ற கனமான எண்ணெய்கள் அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது என்பதுதான் இதன் அடிப்படை. டீசலுக்கு இந்தச் சோதனை பயன்படாது, ஏனென்றால் நல்ல டீசலும் கறையாகத்தான் நிற்கும். லேசான கரைப்பான்களையும் இது பிடிக்காது. அவை பெட்ரோலோடு சேர்ந்தே பறந்துவிடும்.

டென்சிட்டி சோதனை இன்னும் கொஞ்சம் நுட்பமானது. 500 மில்லி கண்ணாடி ஜாடியில் எண்ணெயைப் பிடித்து, அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, தெர்மாமீட்டரையும் வைத்து இரண்டு அளவையும் குறிப்பார்கள். எண்ணெய் சூட்டில் விரியும். அதனால் அளந்த எண்ணை 15 டிகிரி வெப்பத்துக்கு மாற்றி எழுத ஒரு அட்டவணை இருக்கும். நம் ஊர் வெயிலில் 32 டிகிரியில் 735 என்று காட்டும் பெட்ரோல், 15 டிகிரிக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 750 வரும். ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று பொருள். இந்தியத் தர அளவில் பெட்ரோல் 720-லிருந்து 775-க்குள் இருக்கலாம். ஆனால் இவ்வளவு அகலமான எல்லையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்லிவிட முடியாது. லோடு வந்தபோது எண்ணெய் நிறுவன டெப்போவின் ரசீதில் என்ன எண் இருந்தது, இன்று காலை பங்க் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதோடுதான் ஒப்பிடவேண்டும். வித்தியாசம் மூன்றுக்குள் இருந்தால் சரி. அதைத் தாண்டினால் கேள்வி கேட்க நமக்குக் காரணம் இருக்கிறது.

இந்த ‘மூன்று’ எவ்வளவு பெரிய ஓட்டை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்ரோல் 745, சீமெண்ணெய் 800 என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதம் கலந்தால் எண் ஐந்தரை கூடும், மாட்டிக்கொள்வார்கள். ஐந்து சதவீதம் கலந்தால் மூன்றைத் தொடாது, சோதனையில் தேறிவிடும். டீசலில் நிலைமை இதைவிட மோசம். 830 உள்ள டீசலில் 800 உள்ள சீமெண்ணெயைப் பத்து சதவீதம் ஊற்றினாலும் சரியாக மூன்றுதான் குறையும். போதாக்குறைக்கு, பெட்ரோலில் கனமான சீமெண்ணெயோடு லேசான நாப்தாவையும் அளந்து சேர்த்தால் டென்சிட்டி இருந்த இடத்திலேயே நிற்கும்.

2002-இல் தில்லியில் உச்ச நீதிமன்றத்தின் சுற்றுச்சூழல் குழுவுக்காக, அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பங்க்குகளிலும் டெப்போக்களிலும் மாதிரி எடுத்து ஆராய்ந்தபோது இதைத்தான் சுட்டிக்காட்டியது: கொஞ்சமாக, கவனமாகக் கலந்தால் வழக்கமான சோதனைகளில் அது தெரியாது. எண்ணெயைச் சூடாக்கி, எந்த வெப்பத்தில் எவ்வளவு ஆவியாகிறது என்று பார்க்கும் சோதனையும், ஆக்டேன் அளவும் (எஞ்சினில் தட்டாமல் எரியும் தன்மை), எதெது எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கேஸ் குரோமடோகிராஃபும் ஆய்வகத்தில்தான் செய்யமுடியும்.

அப்படியானால் பங்க்கில் கேட்டு என்ன பயன் என்று கேட்கலாம். கடைசி நேரத்தில் பங்க்கிலோ, வழியில் டேங்கர் லாரியிலோ அவசரமாகச் செய்யும் முரட்டுக் கலப்படத்தை இந்தச் சோதனைகள் பிடித்துவிடும். நுட்பமாகக் கலப்பதற்கு ஆளும் இடமும் அளவும் வேண்டும், அதை எல்லா பங்க்காலும் செய்யமுடியாது. அப்புறம், வாரத்துக்கு நாலு பேர் ஹைட்ரோமீட்டர் கேட்கும் பங்க்கில் துணிந்து கலக்க யாருக்கும் தயக்கம் வரும். என் அனுபவத்தில் இதுதான் பெரிய பயன்.

இந்தச் சோதனையைச் செய்யப்போனதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, கேட்கக் கூச்சப்படுவது எனக்குச் சரியாகப் படுவதில்லை. கர்நாடகத்தைச் சேர்ந்த மஞ்சுநாத், லக்னோ ஐ.ஐ.எம்.-இல் படித்துவிட்டு இந்தியன் ஆயிலில் விற்பனை அதிகாரியாக இருந்தவர். உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்படம் செய்த பங்க்குக்குச் சீல் வைத்தார். அது மறுபடி திறக்கப்பட்ட பிறகு சோதிக்கப்போனவரை 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொன்றார்கள். வயது 27. அதற்கு ஐந்து வருடம் கழித்து, 2011 ஜனவரி 25 அன்று, மகாராஷ்டிராவின் மன்மாட் அருகே டேங்கர் லாரிகளிலிருந்து எண்ணெய் திருடிக் கலப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்திய மாலேகான் கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணேயை உயிரோடு எரித்தார்கள். மறுநாள் குடியரசு தினம். சம்பளத்துக்கு வேலை பார்த்த அதிகாரிகள் இவ்வளவு தூரம் போனார்கள். நாம் பங்க்கில் ஒரு பேப்பர் கேட்கலாம்.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். சமீப வருடங்களில் ‘கலப்படம்’ என்று மெக்கானிக் கடைக்கு வரும் வண்டிகளில் பல, உண்மையில் தண்ணீர் குடித்த வண்டிகள். ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு புறவழிச்சாலையில் ஒரு பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஸ்கூட்டர் கொஞ்ச தூரத்தில் முக்கி முக்கி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போய் எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். அவர் டேங்கிலிருந்து கண்ணாடி பாட்டிலில் வடித்து வெளிச்சத்தில் பிடித்தார். மேலே ஆரஞ்சு நிறம், கீழே கிட்டத்தட்ட பாதி அளவுக்கு வெள்ளையாக இன்னொன்று. “பார்த்தீங்களா தம்பி, பாதித் தண்ணி” என்றார்.

“பாதியுமா தண்ணீர் அண்ணே?” என்று கேட்டேன். அவருக்கும் சந்தேகம்தான். அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன்: அது வெறும் தண்ணீர் இல்லை. இப்போது நாம் வாங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. 2022-இல் நாடு முழுக்கப் பத்து சதவீதத்தை எட்டினார்கள், 2023-இல் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) விற்பனை தொடங்கியது, 2025-இல் 20 சதவீதத்தைத் தொட்டார்கள். எத்தனாலுக்கும் தண்ணீருக்கும் நல்ல ஒட்டு. எத்தனால் இல்லாத பழைய பெட்ரோலில் தண்ணீர் புகுந்தால் அப்படியே டேங்க்கின் அடியில் தேங்கிக் கிடக்கும். பங்க்கின் குழாய் அடியிலிருந்து சற்று மேலே இருப்பதால் பெரும்பாலும் வாடிக்கையாளருக்கு வராது. எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அந்த எல்லையைத் தாண்டியதும் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். 10,000 லிட்டர் இ20 இருக்கும் நிலத்தடி டேங்கில் 2,000 லிட்டர் எத்தனால் இருக்கிறது. அதில் பெரும்பகுதி கீழே இறங்கினால் அடியில் இருக்கும் அடுக்கு எவ்வளவு உயரும் என்று யோசித்துப் பாருங்கள். குழாய் வாய் அந்த அடுக்குக்குள் முங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோலும் எத்தனாலை இழந்து ஆக்டேன் குறைந்து நிற்கும். மழைத் தண்ணீர் கொஞ்சம்தான் புகுந்திருக்கும், ஆனால் டேங்க் முழுவதும் கெட்டுவிடும்.

இது பெரும்பாலும் யாரும் திட்டமிட்டுச் செய்வது இல்லை. டேங்க்கின் மூடி, காற்றுப் போகும் குழாய், நிரப்பும் வாய், எங்கேயாவது கசிவு இருக்கும். ஆனால் காலையில் டேங்க்கில் அளவுகோல் இறக்கி, நுனியில் தண்ணீர் காட்டும் பசை தடவிப் பார்ப்பது பங்க்கின் அன்றாட வேலை. மழை பெய்த இரவுக்கு மறுநாள் அதைச் செய்யாமல் விற்பது அலட்சியம், அதற்கு அவர்கள்தான் பொறுப்பு. எனக்கு நடந்ததிலும் அப்படித்தான் இருக்கவேண்டும்.

இதைச் சொல்லும்போது ஒரு வீடியோ வகையைப் பற்றியும் சொல்லவேண்டும். பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி, அதில் தண்ணீர் சேர்த்துக் குலுக்கி, கீழ் அடுக்கு பெரிதாவதைக் காட்டி “பாருங்க, எவ்வளவு கலப்படம்!” என்பார்கள். அவர்கள் காட்டுவது சட்டப்படி இருக்கவேண்டிய எத்தனால். அது தண்ணீரோடு கீழே போகிறது, அவ்வளவுதான். இ20 பெட்ரோலில் இந்தச் சோதனை செய்தால் அடுக்கு பெரிதாகாவிட்டால்தான் சந்தேகம் வரவேண்டும். எத்தனால் கொள்கை மீது கோபம் இருக்கலாம். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு மைலேஜ் குறைவது உண்மை. எத்தனாலில் பெட்ரோலைவிட எரிசக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய ரப்பர் குழாய்களும் சீல்களும் சீக்கிரம் கெடலாம். அதை அந்தப் பெயரிலேயே பேசவேண்டும். அந்தக் கோபத்தைப் பங்க்காரர் மேல் கலப்படப் புகாராகப் போட்டால் உண்மையான கலப்படக்காரன் தப்பித்துக்கொள்வான்.

டீசல் பக்கம் கதை வேறு. நாமக்கல், சங்ககிரி மாதிரி லாரித் தொழிலில் வாழும் ஊர்களில் டீசல் விலையில் ஒரு ரூபாய் குறைந்தாலும் பெரிய விஷயம். டீசலில் கலப்பதற்காகச் சுத்தமான பயோ டீசலைத் தனியாக விற்க அரசு அனுமதித்தது. அந்தப் பெயரைப் போர்வையாக வைத்துக்கொண்டு எது எதையோ டேங்கரில் கொண்டுவந்து, ஷெட்டில் வைத்து, குறைந்த விலைக்கு லாரிகளுக்கு நிரப்புகிறார்கள். குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுப் போலீசார் இப்படிப்பட்ட ஷெட்டுகளில் பிடித்த செய்திகளை அடிக்கடி பார்க்கிறோம். லிட்டருக்குக் கிடைக்கும் லாபத்தை ஒரு இன்ஜெக்டர் செட்டும் ஹை பிரஷர் பம்ப்பும் மொத்தமாக விழுங்கிவிடும். ஒரே பொதுக் குழாய் வழியாக உயர் அழுத்தத்தில் டீசலைச் செலுத்தும் இப்போதைய ‘காமன் ரயில்’ எஞ்சினில் பம்ப்புக்கு மசகு கொடுப்பதே டீசல்தான். சீமெண்ணெயோ கரைப்பானோ சேர்ந்தால் அந்த வழவழப்புக் குறையும், இரும்போடு இரும்பு உரசும், உதிர்ந்த பொடி இன்ஜெக்டர் வரை போகும். 2020 ஏப்ரலிலிருந்து வந்த பி.எஸ்.6 (புகை மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டிகளுக்கு எரிபொருளில் கந்தகம் பத்து பி.பி.எம்-க்குள், அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்குள், இருக்கவேண்டும். கந்தகம் அதிகமுள்ள எதையாவது கலந்தால் புகையைச் சுத்தப்படுத்தும் பாகங்களும் கெடும். அவற்றின் விலை நடுத்தரக் குடும்பத்தைத் திணறவைக்கும்.

வண்டி என்ன அடையாளம் காட்டும்? பெட்ரோல் வண்டி மேட்டில் ஏறும்போது ‘டக டக’ என்று தட்டினால் ஆக்டேன் குறைந்திருக்கலாம். சீமெண்ணெய் கலந்தால் இது முதலில் தெரியும், கொடைக்கானல் ஏற்றத்தில் நன்றாகவே தெரியும். காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம், பிளக்கில் கரி, எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாடையோடு ஆயில் நீர்த்திருப்பது, டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு. டீசல் வண்டியில் தண்ணீர் பிரிப்பானுக்கான விளக்கு எரிந்தால் அலட்சியப்படுத்தவே கூடாது. ஆனால் இவற்றில் எதுவும் எரிபொருளுக்கு மட்டுமே உரிய அடையாளம் இல்லை. காற்று ஃபில்டர் அடைத்திருந்தாலும், பிளக் தேய்ந்திருந்தாலும் இதே தொந்தரவுகள் வரும். ஒரு டேங்க் நிரப்பிய உடனே தொடங்கி, வேறு பங்க்கில் நிரப்பியதும் நின்றுவிட்டால்தான் எரிபொருளைச் சந்தேகிப்பேன்.

நான் கடைப்பிடிக்கும் பழக்கங்கள் சாதாரணமானவைதான். வண்டி நிறைய வந்துபோகும், எண்ணெய் தேங்காத பங்க்கில் போடுகிறேன். ஊருக்குள் எண்ணெய் நிறுவனமே நேரடியாக நடத்தும் பங்க் இருந்தால் அதை விரும்புவேன். நிலத்தடி டேங்கில் லோடு இறக்கிக்கொண்டிருக்கும்போது காத்திருப்பேன், இல்லாவிட்டால் அடுத்த பங்க்குக்குப் போவேன். கிராமத்துப் பெட்டிக் கடையில் தண்ணீர் பாட்டிலில் தொங்கும் பெட்ரோலை வண்டி நின்றுபோனாலும் வாங்கமாட்டேன். மீட்டர் பூஜ்ஜியத்தைப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அளவில் சந்தேகம் இருந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் குவளையில் பிடிக்கச் சொல்லலாம், 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. விடிகாலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். எண்ணெய் நிலத்துக்கடியில் இருக்கிறது, அங்கே காலைக்கும் மதியத்துக்கும் பெரிய வெப்ப வித்தியாசம் கிடையாது.

இவற்றிலெல்லாம் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பில்தான். நேரமும் பம்ப் எண்ணும் உள்ள பில் இல்லாவிட்டால், எந்தப் பங்க்கில் போட்டேன் என்பதையே நிரூபிக்கமுடியாது.

கெட்ட எரிபொருள் போட்டுவிட்டதாகத் தோன்றினால் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டாம், கெட்ட எண்ணெய் இன்னும் உள்ளே போகும். டேங்க்கை வடிக்கச் சொல்லுங்கள். வடித்ததில் கொஞ்சத்தைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த பாட்டிலை வைத்து மட்டும் சட்டப்படி நடவடிக்கை எடுக்கமாட்டார்கள். 2005-ஆம் ஆண்டின் மோட்டார் ஸ்பிரிட் (பெட்ரோல்) மற்றும் ஹைஸ்பீடு டீசல் ஆணைப்படி, அதிகாரம் உள்ள அதிகாரி பங்க்கிலேயே பெட்ரோல் என்றால் ஆறு மாதிரிகள் எடுத்துச் சீல் வைக்கவேண்டும்: இரண்டு பங்க்குக்கு, இரண்டு ஆய்வகத்துக்கு, இரண்டு அதிகாரியின் தரப்பில். குற்றம் உறுதியானால் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் ஏழு வருடம் வரை சிறை, டீலர்ஷிப்பும் போகும்.

அந்த மாதிரி எடுக்க, உங்களுக்கு ஊற்றிய அதே எண்ணெய் அங்கே இன்னும் இருக்கவேண்டும். பரபரப்பான பங்க்கில் ஓரிரு நாளில் டேங்க் காலியாகி அடுத்த லோடு இறங்கிவிடும். அதனால் அன்றைக்கே புகார் செய்யுங்கள். முதலில் பங்க்கின் புகார்ப் புத்தகத்தில் எழுதி, படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பலகையில் எழுதியிருக்கும் அந்த நிறுவனத்தின் விற்பனை அதிகாரியைக் கூப்பிடுங்கள். மாவட்ட வழங்கல் அலுவலரிடமும் மனு கொடுக்கலாம். எண்ணெய் அளவு பற்றிய புகார் என்றால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளருக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிகாரி வந்தால் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: கடைசியாக வந்த லோடுகளின் மாதிரியைப் பங்க்கில் சீல் வைத்துப் பாதுகாக்கவேண்டும். அதையும் டேங்க்கில் இருப்பதையும் சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், கலப்படம் டேங்கர் வரும் வழியில் நடந்ததா, பங்க்குக்கு வந்த பிறகு நடந்ததா என்பது தெரிந்துவிடும்.